மாலைதீவில் நிம்மதி, மருதமுனையில் வீடு

வெளிநாடு என்றதும் நமது பெண்களின் மனதில் முதலில் வருவது சவூதியும் குவைத்தும்தான். பக்கத்து நாடான மாலைதீவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மாசிக் கருவாட்டின் மூலமாக மட்டும் அது நம் குசினிக்குப் பழக்கம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானப் பயணம். கல்முனையிலிருந்து பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேர்வதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கிறது!

அங்குள்ள பாடசாலைகளில் இலங்கை, இந்திய ஆசிரியர்கள் நீண்ட காலமாகவே கற்பித்து வருகிறார்கள். 2022 இல் நமது ரூபா சரிந்து, டொலர் ஒன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதையும் தாண்டியபோது, மேலும் பலர் அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு யூன் மாதம், அரச ஊழியர்கள் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கம் வழிவிட்டது.

எனது பணியின் நிமித்தம் நான் சந்தித்த ஒரு ராத்தா, கணவரோடு சிறிய தீவொன்றில் மூன்று வருடம் படிப்பித்துவிட்டு வந்தவர். "பஸ் இல்ல, நெரிசல் இல்ல தங்கச்சி. பள்ளிக்கூடம் அஞ்சு நிமிச நடை. பாங்கு சொன்னா ஊரே கேக்கும். கலியாணத்துக்கு என்ன உடுத்த, எவ்வளவு நகை போட்ட எண்டு ஆரும் பாக்க மாட்டாங்க" என்றார். ஊர்ப் பேச்சு இல்லாத வாழ்க்கையின் ருசி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆனால், எல்லாத் தீவும் அப்படியல்ல. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. நாட்டின் சனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகர் மாலேயில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அங்கே வேலை கிடைத்தால் அமைதியும் இல்லை, வாடகையும் கையைக் கடிக்கும். சிறிய தீவிலோ மரக்கறி படகில்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதம். பெரிய வருத்தம் வந்தால் வேறு தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கடல் கடந்து போகவேண்டும். கர்ப்பிணிகள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு இன்னொரு பிரச்சினை. அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கில மொழியில். திவேஹியும் இஸ்லாமும் திவேஹியில். ராத்தாவின் மூத்த மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்காக உம்மம்மாவிடம் மருதமுனையிலேயே நின்றுவிட்டாள். கூடப்போன இளையவள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறாள். மூன்று வருடத்தில் அக்காவும் தங்கையும் ஒன்றாக இருந்தது விடுமுறைகளில் மட்டும்தான். இப்போது ஒரே அறையில் படுக்கச் சொன்னால் சண்டை வருகிறதாம்.

அவ்வளவு நிம்மதியான இடம் என்றால் அங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்டேன். அது முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் வேலை விசாவும் முடிந்துவிடும். வெளிநாட்டவர் காணிக்கு உரித்தாளியாக அந்நாட்டு அரசியலமைப்பே இடமளிப்பதில்லை. நம்மவர்கள் அங்கே தேடிப் போவதும் காணியை அல்ல. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது நம் கிழக்கு முஸ்லிம்களின் வழக்கம். மருதமுனையில் காணியோ கைக்குட்டை அளவு. 2004 சுனாமிக்குப் பின், கரையோரம் 65 மீற்றருக்குள் குடியிருந்தவர்களும் உள்ளே இடம் தேட வேண்டியதாயிற்று. ஆசிரியச் சம்பளத்தில் ஒரு வீடு எழும்ப எத்தனை வருடம் செல்லும்? தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் கடல் கடந்து எளிமையாக வாழ்ந்து மிச்சம் பிடிப்பது, இங்கே சீமெந்தும் கம்பியும் வாங்கத்தான். சீதனம் வேண்டாம் என்று பயான்களில் கேட்கிறோம். வீட்டைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை.

போக நினைக்கும் சகோதரிகள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் புறப்பட வேண்டாம். எந்தத் தீவு, தங்குமிடம் யார் செலவு, விமானச் சீட்டு யார் பொறுப்பு என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளை யாரிடம் நிற்கும் என்பதை அந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ராத்தாவின் மூத்த மகளுக்கான வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. இளையவளுக்கு இன்னும் அத்திவாரமே போடவில்லை. அடுத்த மாதம் அவரது கணவர் தனியாகப் புறப்படுகிறார்.