வின்ச் பம்பர் பொருத்துதல்

வின்ச் பம்பர் என்பது, கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் முன்புறத்தில், தொழிற்சாலைப் பம்பருக்குப் பதிலாகப் பொருத்தப்படும் கனமான பம்பர் ஆகும். பெரும்பாலும் இது எஃகினால் செய்யப்படுகிறது. வின்ச் என்னும் இழுவைப் பொறியை இது தாங்குகிறது. சேறு, மணல், ஆற்றுப் படுகை போன்ற இடங்களில் வண்டி சிக்கிக்கொண்டால், வின்ச்சின் கயிற்றை ஒரு மரத்திலோ மற்றொரு வண்டியிலோ கட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்து வெளியேற இது உதவுகிறது.

தோற்றத்துக்காகவே பலர் இதை விரும்பினாலும், அடிப்படையில் இது ஒரு சுமைதாங்கி. இழுக்கும்போது உண்டாகும் பல டன் விசை, சில போல்ட்டுகளின் வழியாகவே சேசிஸைச் சென்றடைகிறது. அவற்றில் ஒன்று தவறினாலும் உயிராபத்து நேரலாம். மேலும், பொதுச் சாலையில் இத்தகைய மாற்றம் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையும் வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் உபரியாக இருந்த இராணுவ ஜீப்புகள் பொதுமக்களின் கைக்கு வந்தன. அவற்றுக்கான உதிரி உறுப்புகளைச் செய்யும் நிறுவனமாக 1948-இல் தொடங்கப்பட்ட வார்ன், 1959-இல் பொழுதுபோக்குப் பயணிகளுக்கான மின் வின்ச்சை வெளியிட்டது. அக்கால ஜீப்புகளின் பம்பர் சேசிஸில் நேரடியாக முடுக்கப்பட்ட எஃகுப் பட்டை என்பதால், அதன்மேல் வின்ச்சை ஏற்றுவது எளிதாக இருந்தது.

இன்றைய வண்டிகளில் நிலைமை வேறு. வெளியே தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை மட்டுமே. அதன் பின்னால் ஒரு குறுக்குச் சட்டமும், மோதலின்போது நசுங்கி ஆற்றலை உறிஞ்சும் பெட்டி போன்ற பகுதிகளும் உள்ளன. நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட இப்பகுதிகள் வின்ச்சின் விசையைத் தாங்க மாட்டா. ஆகவேதான் சேசிஸோடு நேரடியாக இணையும் தனிப் பம்பர் தேவைப்படுகிறது.

வின்ச்சின் திறனும் எடையும்

ஆட்களும் சரக்கும் உட்பட வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு திறனுள்ள வின்ச்சைத் தேர்ந்தெடுப்பது பொதுவான விதி. மொத்த எடை 2,500 கிலோ எனில் 3,750 கிலோ இழுவிசை தேவை. சந்தையில் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச், அதாவது சுமார் 4,310 கிலோ இழுப்பது, இதற்குப் பொருந்தும்.

ஆனால் இந்த அளவு, உருளையில் கயிற்றின் கடைசி ஓர் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்குகள் கூடக்கூட உருளையின் சுற்றளவு பெருகி, இழுவிசை குறையும். கயிற்றைக் கூடியவரை வெளியே எடுத்துவிட்டு இழுக்கச் சொல்வது இதனால்தான். கப்பி ஒன்றைப் பயன்படுத்திக் கயிற்றை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்தால், வேகம் பாதியாகும். இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

எடையையும் கணக்கிட வேண்டும். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து தொழிற்சாலைப் பம்பரைவிட 80 கிலோ கூடுதல் என்று கொள்வோம். இந்த எடை முன் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால் அமைகிறது. அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர் உள்ள மகிந்திரா தார் போன்ற வண்டியில், முன் அச்சின் சுமை 80 கிலோவுக்குப் பதிலாக ஏறத்தாழ 103 கிலோ கூடும். பின் அச்சில் 23 கிலோ குறையும். இதனால் முன்பக்கம் தாழும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும். முகப்பு விளக்கின் ஒளி இறங்கும். கடினமான முன் ஸ்பிரிங்குகள் தேவைப்படலாம்.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்மின் இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். முன்புறத்தில் காற்றுப்பை உணரிகள் இருப்பதால் இது கட்டாயம்.

1. கழற்றுதல்: பனி விளக்கு, பார்க்கிங் உணரி ஆகியவற்றின் கம்பி இணைப்புகளைப் பிரித்தபின் பிளாஸ்டிக் உறையையும் குறுக்குச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். சட்டம் கீழே விழாதபடி ஒருவர் தாங்கிக்கொள்வது நல்லது.

2. சேசிஸ் முனையைச் சோதித்தல்: துரு, விரிசல், பழைய விபத்தில் வளைந்த தடம் ஆகியவை இருந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். பலவீனமான சேசிஸில் எவ்வளவு நல்ல பம்பரும் பயன்படாது.

3. வின்ச்சைப் பம்பரில் ஏற்றுதல்: பல வடிவமைப்புகளில் பம்பரை வண்டியில் மாட்டியபின் வின்ச்சின் அடி போல்ட்டுகளை ஸ்பேனர் எட்டாது. எனவே வின்ச்சை முதலில் தரையிலேயே பொருத்துவர். இந்த அளவு வின்ச்சுகளில் நான்கு அடித் துளைகள் 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம் என்ற பொது அளவில் அமைந்திருக்கும். போல்ட் நீளமாக இருந்தால் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோல் தோன்றினாலும் பிடிப்பு இருக்காது. குட்டையாக இருந்தால் சில மரைகள் மட்டுமே பிடித்து, இழுக்கும்போது பிய்ந்துவிடும். எனவே வின்ச்சுடன் வரும் போல்ட்டுகளை விட்டுக் கடையில் கிடைப்பதைப் போடக் கூடாது.

4. கயிற்றின் திசை: பல மின் வின்ச்சுகளில் சுமையைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். கயிறு எதிர்த்திசையில் சுற்றப்பட்டால் வின்ச் இழுக்கும், ஆனால் சரிவில் வண்டியை நிறுத்தாது. உருளையின் மேலே குறிக்கப்பட்ட சுழற்சித் திசையைப் பார்த்தே கயிற்றைச் சுற்ற வேண்டும். கிளச் நெம்புகோல் கைக்கு எட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும்.

5. கயிறு வழிகாட்டி: எஃகுக் கயிற்றுக்கு உருளைகள் கொண்ட வழிகாட்டியும், செயற்கை இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வழிகாட்டியும் பொருந்தும். எஃகுக் கயிறு கீறிய பழைய வழிகாட்டியில் இழைக் கயிற்றை ஓட்டினால் அது அறுபடும்.

6. பம்பரை ஏற்றுதல்: வின்ச்சுடன் சேர்ந்த பம்பர் 80 கிலோவைத் தாண்டலாம். ஜாக்கியோ குறைந்தது இரண்டு ஆட்களோ வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் கையால் மாட்டி, இரு பக்க இடைவெளியைச் சமப்படுத்தியபின், டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். துளைகள் பொருந்தவில்லை எனில் அவற்றை அகலப்படுத்தியோ புதிதாக வெல்டிங் வைத்தோ சமாளிப்பது ஆபத்து. அது பெரும்பாலும் அந்த வண்டிக்கு உரிய பம்பர் அல்ல என்பதன் அறிகுறி.

மின் இணைப்பு

முழுச் சுமையில் இந்த அளவு 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் இதில் ஒரு பகுதியையே தர முடியும். மீதி பேட்டரியிலிருந்து வருகிறது. ஒரு நிமிடம் இப்படி இழுத்தாலே ஏறத்தாழ 6.7 ஆம்பியர்-மணி செலவாகும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, இடையிடையே மோட்டாரை ஆறவிட்டு இழுக்க வேண்டும்.

வின்ச்சுடன் வரும் தடித்த கம்பிகளை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எதிர்மின் கம்பியைப் பெயின்ட் பூசிய உடற்பகுதியில் இணைத்தால் தொடர்பு மோசமாகிச் சூடேறும். கம்பி, கூரான விளிம்பிலோ சைலன்சர் குழாயிலோ ரேடியேட்டர் விசிறியிலோ படக் கூடாது. சிறு மோதலில் கம்பி நசுங்கினால் தீப்பிடிக்கலாம் என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை இடையில் வைப்பது நல்லது.

முதல் இழுப்பு

புதுக் கயிற்றை அப்படியே பயன்படுத்தக் கூடாது. சற்றே சரிவான இடத்தில் வண்டியையே சுமையாக வைத்து, இழுவிசையுடன் சீராகச் சுற்ற வேண்டும். இல்லையெனில் மேலடுக்கு கீழடுக்குகளுக்குள் புதைந்து சிக்கும். எஃகுக் கயிறாயின் குறைந்தது ஐந்து சுற்றுகளும், வழுக்கும் தன்மையுள்ள இழைக் கயிறாயின் எட்டு முதல் பத்துச் சுற்றுகளும் எப்போதும் உருளையில் இருக்க வேண்டும். முதல் இழுப்புக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

விறைத்து நிற்கும் எஃகுக் கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும். கயிற்றின் மேல் கனமான போர்வையோ அதற்கென உள்ள உறையோ போடுவதும், ஆட்களைக் கயிற்றின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி நிறுத்துவதும், தோல் கையுறை அணிவதும் அடிப்படை விதிகள்.

பாதுகாப்பும் சட்டமும்

தொழிற்சாலைப் பம்பரை நீக்குவது வண்டியின் மோதல் பாதுகாப்பையும் மாற்றுகிறது. நசுங்க வேண்டிய பகுதி நசுங்காவிட்டால் அதிர்ச்சி உள்ளிருப்போரைச் சேரும். காற்றுப்பை விரியும் நேரமும் மாறக்கூடும். அந்த வண்டி மாதிரியின் காற்றுப்பையோடு ஒத்துப்போவதாகச் சோதிக்கப்பட்ட பம்பரையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாதசாரிகளுக்கு விறைப்பான எஃகு முகப்பு மேலும் ஆபத்தானது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முன்புறப் பாதுகாப்புச் சட்டங்களுக்குத் தனி நெறிமுறை கொண்டுவந்தது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை இப்பிரிவை மீறுவதாகக் கூறி, அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே இந்தியாவில் வின்ச் பம்பர் போட விரும்புவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதே முதல் படி. ஸ்பேனரை எடுப்பது அதற்குப் பின்னரே.