தொண்டைமண்டலத்தின் பெயரில் ஒரு நோய்!



தொண்டைமண்டலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம், பல்லவர்கள், காஞ்சிபுரம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் 2020-ஆம் ஆண்டில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு டாக்டர்கள் ஒரு பன்னாட்டு மருத்துவ ஏட்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், நம்ம பகுதியில் பரவலாகக் காணப்படும் ஒரு சிறுநீரக நோய்க்கு 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரில் அல்வா இருக்கிறது, பூட்டு இருக்கிறது, பட்டு இருக்கிறது. நம்ம நாட்டுக்கு வாய்த்தது இது!

மருத்துவம் படிக்காத நான் இதை எழுதக் காரணம் என் சித்தப்பா. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் உப்பு வாரியவர். ஐம்பது வயது. குடி இல்லை, பீடி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் பி.பி. பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், சிறுநீரில் அட்டையை நனைத்துப் பார்த்தார்கள். "எல்லாம் நார்மல், போய்ட்டு வாங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் கால் வீங்கி, சோறு பிடிக்காமல் போய், ஜிப்மரில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் நாலைத் தாண்டியிருந்தது. "எனக்குத்தான் சர்க்கரையே இல்லியேடா, கிட்னி எப்படிடா போவும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். சிறுநீரகம் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் இரண்டு சிறுநீரகங்களுக்குள்ளும் போகிறது. அதிலிருந்து சுமார் 120 மில்லி வடிகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 170, 180 லிட்டர்! அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மீதியை வடிகட்டியை அடுத்த நுண்குழாய்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. நம்ம தெர்மல் லேபில் எந்த மெஷினுக்கும் இந்தத் திறன் கிடையாது.

தசை வேலை செய்யும்போது கழிவாக வருவது கிரியேட்டினின். வடிகட்டி அடைத்தால் அது ரத்தத்தில் தேங்கும். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. கிரியேட்டினினும் வடிகட்டும் வேகமும் நேர்கோட்டில் போகாது; ஒன்று ஏற மற்றது இறங்கும் தலைகீழ் உறவு, முதலாண்டு கணக்கில் y = 1/x என்று வளைகோடு போட்டோமே, அதேதான். ஒருவருக்கு 0.8 இருந்தது 1.6 ஆனால், "ஒண்ணரைதானே" என்று தோன்றும். உண்மையில் பாதித் திறன் போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் இப்போது டாக்டர்கள் கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சூத்திரத்தில் போட்டு 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும். இந்த வீழ்ச்சி முழுக்க வலி இல்லாமல் நடக்கிறது.

இந்த நோய் வழக்கமாக யாருக்கு வரும்? நீண்டகால சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு. ஆனால் இவை எதுவும் இல்லாதவர்களுக்கு, அதிலும் வெயிலில் உடல் உழைப்பவர்களுக்கு வருகிற ஒரு வகையை உலகில் பல இடங்களில் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990-களில் தெரிந்தது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம் தெரிந்தது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் தெரிந்தது. டாக்டர்கள் வைத்த பொதுப் பெயர் 'காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்'. நோய்க்குப் பெயரே காரணம் தெரியாது என்பதுதான்!

நம்ம மாநிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் துறையினர் 2023-ல் கிராமம் கிராமமாகப் போய் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். இந்த மறுசோதனைதான் ஆய்வின் பலம். ஒருநாள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தவருக்குக்கூட கிரியேட்டினின் ஏறிவிட்டு இறங்கும். 2025-ல் வெளியான முடிவு: நூற்றுக்கு ஐந்து பேருக்கு நாள்பட்ட நோய், அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை முதலிய வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

உப்பளத்துக்கு வருவோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது.

'பாதுகாப்பான அளவு' என்பதை எப்படி அளக்கிறார்கள்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டி.வி.யில் சொல்கிற வெயில் அளவு போதாது. மூன்று தெர்மாமீட்டர் வேண்டும். ஒன்று சாதாரணம். இரண்டாவதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். வியர்வை எவ்வளவு உலரும் என்பதை அது காட்டும். மூன்றாவது கறுப்புப் பெயின்ட் அடித்த செம்பு உருண்டைக்குள் இருக்கும். அது சூரியக் கதிரின் சூட்டைக் காட்டும். ஈரத்துணி அளவில் 70 சதவீதம், உருண்டையில் 20, சாதாரணத்தில் 10 எடுத்துக் கூட்டினால் வருவது வெப்ப அழுத்தக் குறியீடு. வெயில் படாத இடத்தில் ஈரத்துணிக்கு 70, உருண்டைக்கு 30. பன்னாட்டுத் தர விதிப்படி, வெயிலுக்குப் பழகிய ஆளுக்கு நடுத்தர வேலைக்கு 28, கடின வேலைக்கு 26 தான் எல்லை.

கடையில் இந்தக் கருவி விலை கேட்டால் மயக்கம் வரும். நானும் என் ரூம்மேட்டும் பழைய தண்ணீர்த் தொட்டியின் செம்பு மிதவை உருண்டையைக் காயலான் கடையில் வாங்கி, கறுப்படித்து, துளை போட்டு, தெர்மாமீட்டரைச் சொருகினோம். தரச்சான்று வாங்கிய கருவி இல்லை, வைவாவில் கிழித்துவிடுவார்கள். இருந்தாலும் சித்திரை மாதம் காலை பதினோரு மணிக்கு உப்பளத்து வரப்பில் நட்டு வைத்தோம். காற்று 34, ஈரத்துணி 28, உருண்டை 46. கூட்டினால் 32.2. காற்று வெறும் 34 தானே, 'சுமாரான வெயில்' என்று செய்தியில் சொல்லியிருப்பார்கள்! வெள்ளை உப்பும் தண்ணீரும் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிப்பது உருண்டைக்குத் தெரிகிறது, செய்திக்குத் தெரிவதில்லை.

அதே வாரத்தில் ஆரோவில் காட்டு மரத்தடியில் வைத்தோம். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மரமில்லாத செம்மண் பொட்டல் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அங்கே உருண்டை காட்டியது 33.5, ஈரத்துணி 26.5. குறியீடு 28.6. அதாவது உப்பளத்தைவிட மூன்றரைக்கு மேல் குறைவு. அந்த நிழலிலும் கடின வேலை கூடாது, ஆனால் உட்கார்ந்து இளைப்பாறத் தாராளமாகப் போதும். உப்பளத்தில் உட்கார நிழல் எங்கே? பார்த்த தூரத்துக்கு மரம் கிடையாது. உப்பு மண்ணில் முளைக்கவும் முளைக்காது. கீற்றுக் கொட்டகைதான் வழி.

வெப்பம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது? தண்ணீர் வற்றினால் உடல் ரத்தத்தை முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் கொடுக்கும். சிறுநீரகத்துக்கு வரத்து குறையும். சிறுநீர் கெட்டிப்படும், யூரிக் அமிலம் கூடும். நுண்குழாய்கள் தினமும் கொஞ்சம் காயப்பட்டு, ராத்திரியில் கொஞ்சம் ஆறி, மறுநாள் மறுபடி காயப்பட்டு, கடைசியில் தழும்பாகி விடுகின்றன என்பது ஆய்வாளர்களின் முக்கியக் கருத்து. பூச்சிமருந்து, நிலத்தடி நீரில் உள்ள பொருள்கள் என்று வேறு சந்தேகங்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. உப்பளத்தில் யாரும் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்பதால் என் ஓட்டு வெயிலுக்குத்தான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குடிப்பது அதே போர் தண்ணீர் என்று நண்பன் மடக்கினான். அதுவும் நியாயம்தான்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். கழிப்பறை கிடையாது, ஒதுங்க ஒரு புதர் கூட இல்லாத வெட்டவெளி. அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. சித்தியைக் கேட்டேன். "குடிச்சா எங்கடா போறது?" என்றார். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. இதோடு சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை வேறு. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தை மேலும் குறைப்பவை. தண்ணீர் வற்றிய உடம்பில் அவை இரட்டை அடி.

இப்போது சித்தப்பாவின் முகாமுக்கு வருகிறேன். அங்கே நனைத்த அட்டை சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று காட்டும். சர்க்கரையால் வடிகட்டி ஓட்டையானால் புரதம் நிறைய இறங்கும், அட்டை நிறம் மாறும். ஆனால் வெயில் நோயில் கெடுவது முதலில் வடிகட்டி அல்ல, நுண்குழாய்ப் பகுதி. புரதம் இறங்குவது ரொம்பக் கம்மி, சில பேருக்கு இல்லவே இல்லை. அட்டை "நார்மல்" என்றே சொல்லும். அட்டை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி வேறு. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால்தான் இந்த நோய் பிடிபடும். 2023-ல் தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் உப்பளத்து ஆள், செங்கல் சூளை ஆள், வயல் வேலை ஆள் வந்தால் அட்டையோடு நிறுத்தாமல் ரத்தமும் பாருங்கள் என்று கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

மருந்து? போன திறனைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. சர்க்கரைக்குக் கண்டுபிடித்த 'கிளிஃப்ளோசின்' வகை மாத்திரைகள் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளிடமும் வீழ்ச்சியை மெதுவாக்குவதை 2020-லும் 2023-லும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. முதல் ஆய்வில் 4,304 பேர், இரண்டாவதில் 6,609 பேர். ஆனால் முதல் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் புரதம் இறங்குபவர்கள். நம்ம ஆட்களுக்கு அதே பலன் இருக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மாத்திரை சிறுநீரை அதிகப்படுத்தும். வெயிலில் வேலை செய்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நிகரகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களில் செய்து பார்த்த சிகிச்சை வேறு மாதிரி. தண்ணீர், ஓய்வு, நிழல். தோளில் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய கூடாரம், கட்டாய இடைவேளை. சிறுநீரகக் காயம் குறைந்தது. எல் சால்வடோரில் ஓய்வு கொடுத்த பிறகு ஒரு ஆள் வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடியது! உப்பள முதலாளிகளிடம் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சித்தப்பா இப்போது உப்பளத்துக்குப் போவதில்லை, வலி மாத்திரையும் நிறுத்திவிட்டார். இரண்டு தடவையாகக் கிரியேட்டினின் அதே இடத்தில் நிற்கிறது. சித்தி இன்னும் போகிறார். உருண்டையை அந்த வரப்பிலேயே மூங்கிலில் கட்டிவிட்டு வந்தோம். போன வாரம் போனபோது கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், "தம்பி, உன் கறுப்புப் பந்து நேத்து ஐம்பது காட்டிச்சுடா, நாங்க பத்து மணிக்கே ஏறிட்டோம்" என்றார். சித்திக்கு ரத்தப் பரிசோதனை அடுத்த திங்கட்கிழமை.