வெட்ஜ்வுட் குடும்பத்தாரும் மட்கலத் தொழிலும்

மண்ணைக் கலமாக்கும் தொழில் மிகப் பழையது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்விற் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் அதற்குச் சான்றாம். கலங்கள் எஞ்சின, அவற்றை வனைந்தோர் கைக்கொண்ட முறைகளோ எழுத்தில் எஞ்சவில்லை. குயவரது அறிவைக் குறிப்பாக்கிப் பேணியமையே இங்கிலாந்து வெட்ஜ்வுட் குடும்பத்தாரின் தனிச்சிறப்பு.

யோசியா வெட்ஜ்வுட் 1730 இல் பேர்ஸ்லெம் என்னும் ஊரிற் குயவர் குடும்பத்திற் பிறந்தார். 1739 இல் தந்தை இறக்கவே, இளமையிலேயே தொழிலிற் புகுந்தார். பெரியம்மையால் முழங்கால் நலிந்தமையின், காலால் உதைத்துச் சக்கரஞ் சுழற்றுதல் அவர்க்கு அரிதாயிற்று. 1768 இல் அக்கால் வெட்டி நீக்கப்பட்டது. எனவே அவர் கருத்து ஆராய்ச்சியிற் சென்றது. மண்ணையும் மெருகையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து, முடிபுகளை எண்ணிட்டு ஏட்டிற் குறித்தார்.

1759 இல் அவர் தனியே தொழில் தொடங்கினார். அவர் ஆக்கிய வெளிர்மஞ்சட் கலங்களை 1765 இல் சாலட் அரசியார் விரும்பிப் பெற்றமையால், அவை ‘அரசியார் கலம்’ எனப் பெயர் பெற்றன. 1769 இல் எத்துரூரியாத் தொழிற்சாலை எழுந்தது. ‘யாஸ்பர்’ என்னும் நீலக்கலம் ஆயிரக்கணக்கான சோதனைகளின் பயனாகும். சூளையின் வெப்பத்தைக் குயவர் கண்மதிப்பாலேயே அறிந்த அக்காலத்தில், சுடுந்தோறும் களிமண் சுருங்கும் இயல்பைக்கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியொன்றை அவர் அமைத்தார். 1783 இல் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் 1795 இல் மறைந்தபின் வழித்தோன்றல்கள் தொழிலை நடத்தினர். இயற்கையறிஞர் சாள்ஸ் டார்வின் அவர்தம் மகள் வயிற்றுப் பேரராவார். 1986 இல் அயர்லாந்தின் வாட்டர்போட் கண்ணாடி நிறுவனம் இத்தொழிலை வாங்கியது. 2009 சனவரியில் அக்கூட்டு நிறுவனம் முறிந்தது. ஊழியர் ஓய்வூதிய நிதியில் 13 கோடி பவுணுக்கு மேற்பட்ட குறை இருந்தது. வெட்ஜ்வுட் அரும்பொருட்சாலையும் அந்நிதியிற் பங்குற்றிருந்தமையால், அக்கடனுக்காக அதன் தொகுப்பை விற்கலாமென 2011 இல் நீதிமன்றம் தீர்த்தது. சோதனைக் கலங்களும் குறிப்பேடுகளும் சிதறும் நிலை நேர்ந்தது. 2014 இல் பொதுமக்களும் அறநிலையங்களும் ஈந்த பொருளால் 157½ இலட்சம் பவுண் திரட்டப்பட்டுத் தொகுப்பு மீட்கப்பட்டது.

ஒரு தொழிற்சாலை கைமாறலாம், மூடப்படவும் கூடும். அதன் அறிவு ஏட்டில் இருந்தமையாலேயே அதனை மீட்க வழி பிறந்தது. நம் ஊர்க் குயவர் அறிந்தவற்றையும், அறிந்தோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் கற்றோர் கடனாகும்.