எழுத்தில்லா வாடகையும் எழுந்துபோகும் உரிமையும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். முதலிரண்டும் விலைக்குக் கிடைப்பவை. மூன்றாவதை நம்மில் பலர் வாடகைக்குத்தான் பெறுகிறோம். நம் கல்லூரியிலேயே வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் கையில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "வாய்ப்பேச்சுத்தான்" என்பதே பதிலாக வரும். குடியேறும்போது யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. காலி செய்யும் நாளில்தான் கேள்விகள் எழுகின்றன. நான் சட்டம் பயில்பவன் அல்லன், வேதியியல் மாணவன். எனினும் எங்கள் வீட்டுக்கு ஒரு தேவை வந்தபோது சட்டப் பிரிவுகளைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்ததில் பயன்படக்கூடியதை ஈண்டு எழுதுகிறேன்.

கையெழுத்திட்ட பத்திரம் இல்லையென்றால் குடியிருப்பவனுக்கு உரிமையே இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. இது தவறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 107ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைக்கும் ஆண்டுக்காண்டு தொடரும் வாடகைக்குமே பதிவுப் பத்திரம் கட்டாயம் என்கிறது. மற்றவற்றை வாய்மொழியாகவே பேசி, வீட்டை ஒப்படைத்து உண்டாக்கலாம். சாவியைக் கொடுத்து, மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்ட பிறகு "நீ யார்?" என்று கேட்க வீட்டுக்காரருக்கு வழியில்லை. பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் நாடெங்கும் பரவியதற்கும் இந்த ஓராண்டு எல்லையே காரணம்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? அடுத்த பிரிவைப் படிப்பதற்கு முன் 106ஐப் படித்திருக்க வேண்டும். நான் பின்னால்தான் படித்தேன். வேறு ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பு வாடகை, மாதத்திற்கு மாதம் தொடர்வதாகக் கொள்ளப்படும். இருவரில் எவரும் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அதை முடிக்கலாம். "மூன்று மாதம் முன்னாலே சொல்லியிருக்கணும், இல்லாவிட்டால் மூன்று மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன்" என்பது, முன்பே அப்படிப் பேசி முடிவு செய்திருந்தால் செல்லும். காலி செய்யும் அன்று திடீரென முளைத்தால் செல்லாது. முன்னர் இந்த அறிவிப்பு வாடகை மாதத்தின் முடிவோடு சரியாகப் பொருந்த வேண்டும் என்றிருந்தது. ஒருநாள் பிசகினாலும் அறிவிப்பே செல்லாது என்று வழக்குகள் விழுந்தன. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சிக்கலைப் போக்கியது.

அறிவிப்பு எழுத்தில் இருத்தல் வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் மற்றொருவரோ கையொப்பமிடலாம். இந்தப் 'சார்பில்' என்ற சொல் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவி. என் தந்தைக்குத் தம் பெயரை மட்டுமே எழுதத் தெரியும். நேரில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். 1.9.2025 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறியது. இவர்களில் ஒருவரும் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்தும் வாங்கியும் காலி செய்தவர்கள் அல்லர். நமக்கு அந்த வசதி இல்லை.

இனி அட்வான்சுக்கு வருவோம். உண்மையான போராட்டம் இங்கேதான். எங்கள் குடும்பம் அனந்தபுரத்தில் ஏழாண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்தது. வாடகை 2,500 ரூபாய்; குடிபுகும்போது கொடுத்த அட்வான்ஸ் 20,000 ரூபாய். எழுத்து ஒன்றும் கிடையாது. தந்தையின் வேலை நிமித்தம் செஞ்சிக்கு மாற வேண்டியிருந்தது. புதிய வீட்டுக்கு 25,000 கேட்டார்கள். பழைய பணம் வந்தால்தான் புதிய பணம் கொடுக்க முடியும் என்ற நிலையில், வீட்டுக்கார அம்மாள், "அடுத்த குடி வரட்டும்பா, அவங்க குடுத்ததும் வாங்கிக் குடுத்துடறேன்" என்றார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. வட்டி ஓடத் தொடங்கியது.

அந்த அம்மாளை நான் குறை கூறவில்லை. கணவரை இழந்தவர், அந்த 20,000 எப்போதோ ஏதோ ஒரு மருத்துவச் செலவில் கரைந்திருந்தது. நம் ஊர்களில் அட்வான்ஸ் என்பது பெட்டியில் வைக்கப்படும் பணம் அன்று. வந்த அன்றே செலவாகி, அடுத்த குடியின் பணத்தால் அடைக்கப்படும் ஒரு கைமாற்று. ஆனால் சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. திருப்பித் தரும் கடமை வீட்டைக் காலி செய்தவுடன் பிறக்கிறது. அடுத்தவர் வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிறகு கணக்கு வந்தது. வெள்ளையடிக்க 6,000, தண்ணீர் மோட்டார் பழுதுக்கு 3,500, மின் கட்டணம் 640. போக மீதி 9,860 என்றார்கள். இங்கே 108ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். வீட்டை எந்த நிலையில் பெற்றோமோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். ஆனால் நியாயமான பயன்பாட்டால் வரும் தேய்மானத்துக்கு நாம் பொறுப்பல்லோம். ஏழாண்டில் சுவர் அழுக்கேறுவது தேய்மானம். ஆணியடித்துச் சுவரைப் பெயர்த்தால் அது சேதம். பழைய மோட்டார் தன் ஆயுள் முடிந்து நின்றால் தேய்மானம்; தண்ணீரில்லாமல் ஓடவிட்டு எரித்தால் சேதம். எங்கள் பக்கம் மின் கட்டணம் 640ஐயும், தம்பி உடைத்த குளியலறைக் கதவுக்கு 1,200ஐயும் நாங்களே ஒப்புக்கொண்டோம். கதவை அந்த அம்மாள் கவனிக்கவே இல்லை. தந்தைதான் "அதையும் எழுது" என்றார். ஆக 1,840 போக 18,160 வர வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினேன். ஏழாண்டு வாடகை எந்தெந்த மாதம் கைபேசி வழியே அனுப்பப்பட்டது என்ற பட்டியலையும் இணைத்தேன். கடிதத்தைப் படித்தபின் அந்த அம்மாள் தம் மருமகனைக் கலந்தார்கள். பத்தாயிரம் உடனே வந்தது. மீதி 8,160 இரண்டு மாதம் கழித்து வந்தது. சங்கிலியும் திரும்பியது, வட்டி மட்டும் எங்கள் கணக்கு.

கடிதத்தைவிட அந்தப் பட்டியல்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம். எழுத்தொப்பந்தம் இல்லாதவருக்குச் சான்றுகளே ஒப்பந்தம். அட்வான்சைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தவர் பின்னால் திண்டாடுகிறார். வங்கி வழியே அனுப்பியவருக்குப் பாதி வழக்கு முடிந்துவிட்டது. எரிவாயு இணைப்பின் முகவரி, வந்த தபால்கள், அக்கம்பக்கத்தார் சாட்சி, எல்லாம் உதவும். காலி செய்யும் நாளில் வீட்டைப் படமெடுங்கள். மின்மீட்டரின் எண்ணையும் எடுங்கள். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், நாம் போனபின் எரிந்த விளக்குக்கு நம்மிடம் பணம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சாவியை ஒப்படைத்ததற்கு இரண்டு வரியில் ஒரு சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கைமாறாதவரை வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்று வாதிட இடமுண்டு.

வாடகைச் சட்டங்களின் வரலாறும் சுவையானது. சென்னை மாகாணத்தில் 1946, 1949 ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பின் 1960இல் 18ஆம் சட்டம். அதன்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஊரே பத்து மாத வாடகை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் சட்டம் ஒரு மாதம் என்றது! 1996இல் கே. நரசிம்மராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி அதிகமாக வாங்கி வைத்திருக்கும் தொகை கையில் இருக்கும்போது, வாடகை தரவில்லை என்று குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தது.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017ஆம் ஆண்டுச் சட்டம், நில உரிமையாளர் மற்றும் குடியிருப்போர் உரிமைகள், பொறுப்புகள் பற்றியது, 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இது நகர்ப்பகுதிகளுக்கானது, கிராமங்களில் முன்சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டமே ஆளும். புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்ப வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து நெருக்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இதில் ஒரு முள் உண்டு. எழுத்தில்லாதவர் இச்சட்டத்தின் நன்மைகளை முழுமையாகக் கோருவது கடினம். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் உரிமையாளருக்கு அதில் வழியிருக்கிறது. எழுத்தில்லாமல் குடியேறும் ஏழையைக் காக்க வந்த சட்டம், எழுத்துள்ளவனையே முதலில் காக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அறிந்தோர் மறுக்கலாம்.

ஆயினும் பூட்டை மாற்றி, சாமான்களைத் தெருவில் எறியும் உரிமை யாருக்கும் இல்லை. 1989இல் கிருஷ்ணராம் மகாலே வழக்கில், உரிமை முடிந்துவிட்டவரையும் சட்டத்தின் வழியே அன்றி வலுக்கட்டாயமாக வெளியேற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெறலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர் துடைப்புச் சட்டம்.

போக்கியத்தைப் பற்றியும் ஒரு சொல். மொத்தமாக இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையும் வாங்கிக்கொள்ளும் முறை நம் பக்கம் அதிகம். சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் சுவாதீன அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் என்றால், இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும். ஆகவே வாய்மொழி வாடகை செல்லும். வாய்மொழிப் போக்கியம் செல்லாது. பணத்தைக் கடனாகக் கோரலாமே தவிர, வீட்டின்மேல் பிடி இராது. மாத வாடகைக்காரர் இழப்பது சில ஆயிரம். போக்கியக்காரர் இழப்பது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

கடிதத்துக்கும் மசியாதவரிடம் என் செய்வது? பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் வட்டச் சட்டப்பணிகள் குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், தொழிலாளர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. ஆகவே வீட்டில் அம்மா பெயரில் மனு கொடுப்பது எளிது. எதிர்த்தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசம் செய்துகொள்ளலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் எங்கே மனுக் கொடுப்பது என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் அடுத்து வீடு மாறப்போகும் இரு குடும்பங்களுக்கு இப்போது 15 நாள் அறிவிப்பை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.