கரையில்லாத ஏரி

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திருமழிசைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே 3.645 டி.எம்.சி. கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி. ஐப்பசி பிறந்தால் ‘இன்னைக்கு எத்தனை அடி?’ என்பதுதான் டீக்கடைப் பேச்சு. நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்திலிருக்கும் லாங்வுட் சோலையும் ஓர் ஏரிதான். தண்ணீர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலைக்காடு சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருகிறது. இங்கே மரங்கள் அதிக உயரமில்லை. கிளைகள் பின்னிக்கொண்டு வெயிலைத் தடுத்துவிடும். அடிமரமெங்கும் பாசி. அதில் படியும் மூடுபனி சொட்டுச் சொட்டாகத் தரையிறங்கும். கீழே மக்கிய சருகு. அதைக் கிளறினால் கறுத்த, ஈரம் பிடித்த மண். மழைநீர் சரிவில் ஓடிவிடாமல் அந்த மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் ஊற்றாகக் கசிகிறது.

வெட்டிவிட்டுப் பிறகு நட்டுக்கொள்ளலாம் என்றால், அது அவ்வளவு எளிதில் நடக்காது. டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி, திறந்தவெளியில் முளைத்த சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். பெரிய மரங்களின் நிழலில்தான் அவை தப்பிக்கும். சோலை மரங்கள் பலவற்றின் விதைகள் காய்ந்தால் முளைக்காது, சேமித்துவைக்கவும் வழியில்லை. காலியான இடத்தில் முந்திக்கொள்வது சீகை மரம். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய மரம் அது; அதன் பட்டை தோல் பதனிட உதவும்.

லாங்வுட்டிலும் ஒருகாலத்தில் விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. அதைத் தடுத்ததில் கே.ஜே. ராஜு போன்றோர் முன்னின்று நடத்தும் லாங்வுட் சோலை கண்காணிப்புக் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. பள்ளிப் பிள்ளைகளைச் சோலைக்கே அழைத்துச் சென்று பாடம் நடத்துவது இவர்களது வழக்கம். சோலைக்குள் சுற்றுலாக் கட்டுமானங்கள் என்ற பேச்சு எழுந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இந்தக் குழுதான்.

இங்கே காவலைவிடப் பாடம் எடுபடக் காரணம் இருக்கிறது. மலையூர்களில் விறகு வெட்டுகிறவரும் அந்தக் காட்டின் தண்ணீரைக் குடிக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஊர். சிலசமயம் ஒரே வீடு. வனக் காவலர் அபராதம் போடலாம். வீட்டுக் குடத்துக்கும் காட்டு மரத்துக்கும் உள்ள தொடர்பை வீட்டில் வந்து சொல்லப் பிள்ளைகளால்தான் முடியும். ஆனால், பாடத்தால் மட்டும் அடுப்பு எரியாது. கேஸ் சிலிண்டரும் கூடவே வந்தால்தான் அரிவாள் ஓயும்.