101 வாக்கும் ஒரு படிவமும்

மரக்காணம் உப்பளங்களில் ஏப்ரலும் மேயும் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்கள். தேர்தலும் பெரும்பாலும் அதே கோடையில்தான் வருகிறது. அன்றைய வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் தொழிலாளியின் ஓட்டு, திண்டிவனம் சட்டமன்றத் தொகுதிக் கணக்கில் சேர்கிறது. 2016-ல் அங்கே வெற்றியைத் தீர்மானித்தது வெறும் 101 வாக்கு.

ஒரே ஒரு வாக்குச்சாவடியின் கணக்கு பிசகினாலும் இங்கே முடிவு மாறிவிடும்.

ஓட்டுகளை எண்ணுவது இயந்திரம். அதை இயக்குவதும், அது காட்டும் எண்ணைத் தாளில் எழுதுவதும், கணினியில் ஏற்றுவதும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான். காலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுகள் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அவற்றை அழித்து, அந்த ஓட்டுகளுக்கு அச்சான விவிபாட் சீட்டுகளையும் வெளியே எடுக்க வேண்டும். மாலையில் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தி, மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுத வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் எண்ணும் நாளில் சிக்கல்தான்.

தவறியும் இருக்கிறது. 2019 மே 19 அன்று தமிழகத்தில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. மாதிரி ஓட்டுகளை அழிக்காமல் விட்ட சாவடிகளும் அவற்றில் உண்டு.

மரக்காணத்துக்கு வடக்கே உள்ள செய்யூர், காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 2019-ல் அத்தொகுதியில் பதிவானதாகத் தேர்தல் ஆணையத்தின் இணையதளம் காட்டியது 12,14,086 வாக்கு, எண்ணப்பட்டதோ 12,32,417. அதாவது 18,331 கூடுதல். தர்மபுரியில் 17,871 கூடுதல். இணையதளத்தில் இருந்தவை தற்காலிக விவரங்கள் என்று ஆணையம் விளக்கியது. அந்த விளக்கத்தை ஏற்றாலும், அரைகுறை எண்களை மக்கள் பார்வைக்கு வைத்த நிர்வாகக் குறை அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டி ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்ததால், 17சி விவரங்களை உடனே வெளியிடுமாறு உத்தரவிட நீதிமன்றம் மறுத்தது.

தேர்தல் பணிக்கு வருபவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து வகுப்பெடுத்தால் போதாது. ஒவ்வொருவரும் இயந்திரத்தைக் கையில் வாங்கி இயக்கி, படிவத்தை நிரப்பிக் காட்டிய பிறகே சாவடிக்கு அனுப்பப்பட வேண்டும். ஒவ்வொரு 17சி படிவத்தையும் ஸ்கேன் செய்து ஆணையம் வெளியிட வேண்டும்.

17சி நகலை, வாக்குப்பதிவு முடியும்போது சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ். முகவராக உட்காரும் ஒவ்வொருவரும் அந்த நகலைக் கையில் வாங்காமல் சாவடியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.