காற்று பிடிக்கும் தராசு

1646-47 குளிர்காலத்தில், பிரான்சின் ரூவான் நகரில், பிளெய்ஸ் பாஸ்கல் 40 அடிக்கும் மேல் நீளமான கண்ணாடிக் குழாய்களைப் பாய்மரத்தோடு கட்டி நிமிர்த்தினார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் திராட்சை மது. குழாய்களின் மேல்முனை மூடியிருந்தது; கீழ்முனை அதே திரவமுள்ள தொட்டியில் மூழ்கியிருந்தது. மதுவின் ஆவி அதிகம், அது மதுவைக் கீழே தள்ளிவிடும் என்று பலர் வாதாடினர். ஆனால் மதுதான் தண்ணீரைவிட உயரமாக நின்றது.

காரணம் எளிது. வெளிக்காற்று தொட்டியிலுள்ள திரவத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு ஈடாகும் உயரம்வரை திரவம் குழாயில் நிற்கிறது. அடர்த்தி குறைந்தால் உயரம் கூடும். 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும் அதே காற்று, தண்ணீரைச் சுமார் 10.3 மீட்டர் தாங்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதை இந்த இரண்டு உயரங்களே சொல்லிவிடுகின்றன. எடை போடத் தேவையே இல்லை.

பத்து மீட்டர் குழாயை ஆய்வகத்தில் நிறுத்த முடியுமா? அமெரிக்க வேதியியலர் ராபர்ட் ஹேரின் பெயரால் வழங்கும் கருவி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இரண்டு கண்ணாடிக் குழாய்களின் மேல்முனைகள் ஒன்றாக இணைந்திருக்கும். ஒரு குழாயின் கீழ்முனை தண்ணீர் முகவையிலும், மற்றதன் கீழ்முனை மண்ணெண்ணெய் முகவையிலும் மூழ்கியிருக்கும். மேலேயுள்ள ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுத்து, இடுக்கியால் இறுக்கிவிட வேண்டும். இரண்டு திரவங்களும் மேலேறி நிற்கும். தண்ணீர் 30 செ.மீ. ஏறினால், மண்ணெண்ணெய் ஏறத்தாழ 37.5 செ.மீ. ஏறும். 30-ஐ 37.5-ஆல் வகுத்தால் 0.8. மண்ணெண்ணெயின் அடர்த்தி, கன செ.மீ.க்கு 0.8 கிராம்.

உயரத்தை மேசையிலிருந்து அளக்கக் கூடாது. அந்தந்த முகவையின் திரவ மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும். குழாய்க்குள் திரவத்தின் மேற்பரப்பு பிறைபோல் வளைந்திருக்கும்; அதன் அடிப்புள்ளிக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். மட்டம் மெல்ல இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். குழாய் மிகக் குறுகலாக இருந்தால் நுண்புழை ஏற்றம் அளவைக் கெடுக்கும். மற்றபடி ஒரு குழாய் அகலமாகவும் மற்றது சற்று ஒடுக்கமாகவும் இருந்தாலும் விடை மாறாது.

ரூவானில் எழுந்த ஆவிக் கேள்வியிலும் உண்மை இல்லாமல் இல்லை. 20 டிகிரி செல்சியஸில் நீராவியின் அழுத்தம், பாஸ்கலின் தண்ணீர்க் குழாய் போன்ற நீர்க் காற்றழுத்தமானியின் உயரத்தைச் சுமார் 24 செ.மீ. குறைத்துவிடும். ஹேர் கருவியில் இரண்டு திரவங்களுக்கும் மேலே இருப்பது ஒரே காற்று. அதனால் ஆவி எவ்வளவு சேர்ந்தாலும் இருபுறமும் அழுத்தம் சமம். அன்றைய வெளிக்காற்றின் அழுத்தமும் கணக்கில் வருவதில்லை. திரவங்கள் ஒன்றையொன்று தொடாததால், தண்ணீரோடு கலந்துவிடும் உப்புக்கரைசலையும் ஆல்கஹாலையும்கூட இதில் அளக்கலாம்.

இன்று தொழிற்சாலைத் தொட்டிகளில் இரண்டு வெவ்வேறு ஆழங்களில் அழுத்தமானிகளைப் பொருத்தி, அவற்றின் அழுத்த வேறுபாட்டிலிருந்து உள்ளிருக்கும் திரவத்தின் அடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள். பாஸ்கல் உயரத்தைப் பார்த்தார். இவர்கள் உயரத்தை நிலையாக வைத்து அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். விதி ஒன்றுதான்.